இல்லாத தீவும் இருந்த வரலாறும்: கொச்சிப் புனைகதைகளில் மெய்ம்மையும் சுவையும்

வரலாற்றுப் புதினம் நிகழ்ந்ததனை அடியொற்றிச் செல்வது. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொண்டு, அதன்பின் உலகம் எவ்வாறு நடந்திருக்கும் எனக் காட்டுவது மாற்று வரலாற்றுப் புனைகதை. இம்முயற்சி அண்மைக் காலத்ததன்று. உரோம வரலாற்றாசிரியர் லிவி தம் நூலின் ஒன்பதாம் பகுதியில், அலெக்சாந்தர் கிழக்கே செல்லாது உரோமின்மீது படையெடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என வினவி, உரோமே வென்றிருக்கும் என விடையும் தருகிறார். நாட்டுப்பற்றின் பாற்பட்ட விடை அது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் இது தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. ஹாரி டர்ட்டில்டவ் 1988இல் எழுதிய ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ என்னும் சிறுகதை இந்தியாவைக் களமாகக் கொண்டது. ஜெர்மானியப் படை இந்தியாவைக் கைப்பற்றுகிறது. காந்தியடிகள் அறவழிப் போராட்டத்தைத் தொடங்குகிறார். எதிரில் நிற்பவனுக்கோ உறுத்தும் மனம் இல்லை. இக்கதையில் மாற்றப்பட்டது ஒன்றே: போரின் முடிவு. காந்தி அதே காந்தி. ஜெர்மானியத் தளபதி அதே தளபதி. ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாற்றாது விடுவதனால்தான் கதையின் முடிவு வாசகரைச் சுடுகிறது. எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் அது வெறும் கற்பனையாகியிருக்கும். வாசகர் வியந்துவிட்டு மறந்திருப்பார்.

இந்திய மொழிகளில் இத்தகைய கண்டிப்பான மாற்று வரலாறு மிகுதியாக எழுதப்படவில்லை. மாறாக, அறியப்பட்ட வரலாற்றின் இடைவெளியில் இல்லாத ஒன்றைச் செருகும் முறையே இங்குச் செல்வாக்குப் பெற்றது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950-54) இதற்குத் தக்க சான்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றோராக உடையார்குடிக் கல்வெட்டுக் குறிக்கும் பெயர்களைக் கல்கி மாற்றவில்லை. கொலையின் காரணத்தைக் கல்வெட்டுக் கூறாமையால் அவ்விடத்தில் நந்தினியை வைத்தார். நந்தினியின்றி அப்புதினத்துக்குச் சுவையில்லை. இரவிதாசனின்றி நந்தினிக்கு நம்பகமில்லை. கல்வெட்டு நிற்கும் இடத்திலிருந்து புனைவு தொடங்குகிறது என்பதே அதன் வலிமை.

கொச்சியோ இத்தகைய இடைவெளிகள் மிகுந்த ஊர். 1341இல் பெரியாற்றுப் பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்பது மரபு. 1500இல் போர்த்துக்கீசியரும், 1663இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்தனர். மட்டாஞ்சேரியில் ‘டச்சு அரண்மனை’ என்று வழங்கும் கட்டடத்தைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். ஒல்லாந்தர் அதனைப் புதுப்பித்தவர்களே. தேவராக் கரையை அடுத்துள்ள வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் திட்டப்படி உப்பங்கழியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. தவறான பெயர் தாங்கிய அரண்மனையும் மனிதர் செய்த தீவும் உள்ள ஊரில், நாவலாசிரியர் ஒருவர் மேலும் ஒரு தீவைப் படைத்தால் அதனை மறுப்பவர் யார்?

சல்மான் ருஷ்டி தம் ‘மூரின் கடைசிப் பெருமூச்சு’ (1995) நாவலில் காப்ரல் தீவு என ஒன்றைப் படைத்து, அதில் வாஸ்கோ ட காமாவின் வழிவந்தோராகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் மிளகு வணிகக் குடும்பத்தைக் குடிவைத்தார். அத்தீவு சொல்விளையாட்டின் மேடையாகவே நின்றுவிடுகிறது. என். எஸ். மாதவனின் ‘லந்தன் பத்தேரியிலெ லுத்தினியகள்’ (2003) வேறு வகையினது. ஒல்லாந்தர் பீரங்கித் தளம் அமைத்ததால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் லந்தன் பத்தேரி என்னும் தீவு எந்த நிலப்படத்திலும் இல்லை. ஆனால் அத்தீவைச் சுற்றியுள்ள அனைத்தும் உண்டு: கொச்சித் துறைமுகம், 1957இன் பொதுவுடைமை அமைச்சரவை, 1959இன் விடுதலைப் போராட்டம், இலத்தீன் கத்தோலிக்கரின் வழிபாடும் கூத்தும். தாயின் கருவிலிருந்தபடியே கதை சொல்லத் தொடங்கும் எட்வினா 1951இல் பிறக்கிறாள். இது மெய்ம்மையை மீறும் உத்திதான். எனினும் அவள் சொல்லும் ஆண்டுகளும் நிகழ்வுகளும் மீறப்படுவதில்லை. ஃபெர்மாவின் தேற்றத்தை நிறுவ முயலும் கணித ஆசிரியர் புஷ்பாங்கதனுக்கு அவ்வெற்றியை வழங்கி உலக வரலாற்றைத் திருத்துவது நாவலாசிரியருக்கு எளிது. அவர் அதனைச் செய்யவில்லை. நாவல் வெளிவருமுன்னரே, 1995இல், ஆண்ட்ரூ வைல்ஸின் நிறுவல் அச்சேறிவிட்டது; அதை அறிந்த வாசகர் 1950களின் தீவாசிரியரைப் படிக்கையில் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. சுவை இங்கு மெய்ம்மைக்கு எதிராக நில்லாமல் மெய்ம்மையிலிருந்தே பிறக்கிறது.

டி. டி. ராமகிருஷ்ணனின் ‘பிரான்சிஸ் இட்டிக்கோரா’ (2009) இதற்கு மறுதலை. அதில் இடங்கள் உண்மை, மனிதன் புனைவு. குன்னங்குளத்து மிளகு வணிகன் ஒருவன் ஐரோப்பாவரை சென்று, கேரளக் கணித மரபை அங்குக் கொண்டு சேர்த்ததாக நாவல் கட்டமைக்கிறது. சங்கமகிராம மாதவன் வழிவந்த கணிதர்களின் முடிவிலாத் தொடர்கள் ஐரோப்பாவுக்குச் சென்றனவா என்பது ஆய்வாளரிடையே உண்மையாகவே நிகழும் வாதம். சென்றன எனக் காட்டும் நேரடி ஆவணம் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நாவலாசிரியர் கூர்மையாகக் கண்டுகொண்டார் என்பதில் ஐயமில்லை. ஆயின் நரமாமிசம், மறைக்குழு, வன்முறை கலந்த காமம் என அடுக்கிச் செல்லும் வேகத்தில், கணிதம் பற்றிய அரிய வினா பின்தள்ளப்படுகிறது. வாசகர் பக்கங்களை விரைந்து புரட்டுகிறார்; புரட்டும்போது எதை நம்புகிறோம் என எண்ண அவருக்கு நேரமில்லை. நந்தினியை நம்புவோர் எவரும் சோழர் வரலாற்றைப் பிழையாகக் கற்பதில்லை, கல்வெட்டின் எல்லை அங்கு விளங்குவதால். இட்டிக்கோராவிடம் அந்த எல்லைக்கோடு வேண்டுமென்றே அழிக்கப்பட்டுள்ளது. அறிவியல் வரலாற்றில் சான்றில்லாப் பெருமை பேசுதல் மலிந்த காலத்தில் இதனை வெறும் உத்தி என ஒதுக்கிவிட இயலாது.

மெய்ம்மைக்கும் சுவைக்கும் இடையிலான இவ்வழக்கைக் கொச்சிக் கடற்கரை நாவல்களுக்கு நெடுங்காலம் முன்பே கண்டுள்ளது. இலத்தீன் கத்தோலிக்கரின் சவிட்டு நாடகங்களில் புகழ்பெற்றது காறல்மான் சரிதம். காறல்மான் என்பவன் பிராங்கியப் பேரரசன் சார்லமேன். போர்த்துக்கீசியர் வழிவந்த இக்கதை மாந்தர் பளபளக்கும் உடையும் முடியும் அணிந்து, மரப்பலகை மேடை அதிர மிதித்தாடுவர். கி.பி. 778இல் ரோன்சவாலில் சார்லமேனின் பின்படையைத் தாக்கியவர்கள் பாஸ்க்குகள் என்பது வரலாறு. ஏறத்தாழ 1100அளவில் எழுந்த ரோலந்தின் பாடல் அவர்களை முகமதியப் படையாக மாற்றிற்று. அம்மாற்று வரலாறே கடல் கடந்து கொச்சிக்கும், ஆப்பிரிக்கக் கரையோரத்துச் சாவோ தோமே தீவுக்கும் சென்றது. மேடையில் சுவை முழுமை பெற்றது. மெய்ம்மை பற்றி யாரும் வினவவில்லை. மாதவனின் நாவல் இக்கூத்தைத் தன்னுள் கொண்டிருப்பது தற்செயலன்று.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. சவிட்டு நாடகச் சுவடிகளின் மொழி தமிழ் மிகக் கலந்த மொழி. காறல்மான் சரிதத்தின் ஆசிரியராக மரபு கூறுபவரும் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழரே. ‘அண்ணாவி’ என்ற இச்சொல் ஈழத்து நாட்டுக்கூத்தில் ‘அண்ணாவியார்’ என இன்றும் வாழ்வது கருதத்தக்கது. மலையாள வாசகருக்கு நாவலில் வரும் கூத்துத் தமிழ் பாதி விளங்காத, பழைமையின் கம்பீரம் தாங்கிய மொழி. தமிழில் பெயர்த்தவுடன் அதுவே வீட்டு மொழியாகிவிடுகிறது. வேற்றுமையைக் காட்டச் செய்யுள் வழக்கைக் கையாளலாம். ஈழத்துக் கூத்தின் ஓசையை நாடலாம். இரண்டுமன்றி இயல்பான உரைநடையில் விடுத்தால், தீவு மக்கள் தமக்கு விளங்காத மொழியில் தம் வீரத்தைக் கண்டனர் என்னும் மெய்ம்மை மறைந்துபோகும்.

இந்நாவல் இரா. முருகனின் மொழிபெயர்ப்பில் ‘பீரங்கிப் பாடல்கள்’ எனத் தமிழில் வந்துள்ளது. தலைப்பு செவிக்கு இனியது, நினைவில் நிற்பது, நூற்கடையில் வாசகரை அழைப்பது. எனினும் மூலத்தலைப்பின் இரு சொற்கள் இதில் இழக்கப்பட்டுள்ளன. ‘லந்தன்’ என்பது ஒல்லாந்தன். தமிழில் ‘ஒல்லாந்தர்’ ஈழ வரலாற்று நூல்களில் பயின்ற சொல். ‘லுத்தினிய’ என்பது ஒருவர் முன்மொழிய மற்றவர் மறுமொழியும் வேண்டுதல். அதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘மன்றாட்டுமாலை’ என்னும் அழகிய சொல்லை வழங்குகின்றனர். பாடல் தனிக்குரலிலும் எழலாம். மன்றாட்டுமாலைக்கு ஓர் ஊரே வேண்டும். இல்லாத தீவுக்கு உயிரளிப்பது அந்த ஊர்க்குரலே என்பதால் இவ்விழப்பு சிறிதன்று. ‘ஒல்லாந்தர் கொத்தள மன்றாட்டுமாலை’ என்பது விற்பனைக்கு உதவாத தலைப்பாகியிருக்கும் என்பதும் உண்மையே.

பேச்சுவழக்கிலும் இதே தெரிவு எதிர்ப்படுகிறது. தூத்துக்குடிப் பரதவர் வழக்கு, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) வழியாக இலக்கியத்தில் நிலைபெற்றது. போர்த்துக்கீசிய மறைபரப்பு கண்ட கடற்கரை என்ற முறையில் அது கொச்சிக்கு உறவினது. ஆனால் லந்தன் பத்தேரியார் அவ்வழக்கில் பேசினால் தீவு மன்னார் வளைகுடாவுக்கு நகர்ந்துவிடும். இருமொழிக்கும் பொதுவான கடன்சொற்களை நாடுதல் பொருத்தமான வழி. மேசை, சாவி, அலமாரி, சன்னல் ஆகிய போர்த்துக்கீசியச் சொற்கள் தமிழில் கரைந்துவிட்டன. அவற்றால் அயன்மை தோன்றாது. ‘குசினி’ ஈழத்திலும் புதுவையிலும் வழங்குவது. தமிழக வாசகருக்கு விளங்கவும் செய்யும், சற்றே வெளியூர் மணமும் வீசும். ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் ‘கக்கூசு’ இரு மொழிகளிலும் உண்டு. ‘கந்தோர்’ யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் குறிப்பது. யாழ்ப்பாணம் 1658இலும் கொச்சி 1663இலும் ஒல்லாந்தர் கைப்பட்டு, இரண்டும் 1795இல் ஆங்கிலேயரிடம் சென்றன. ஒல்லாந்தத் தீவொன்றைத் தமிழில் நம்பும்படி எழுத விழைவோர்க்கு யாழ்ப்பாணச் சொற்களஞ்சியம் கிட்டத்தட்ட ஆயத்த நிலையில் உள்ளது.

எஞ்சுவது அடிக்குறிப்பு. வில்லிங்டன் தீவுக்கு ஒரு குறிப்பு எழுதி, லந்தன் பத்தேரிக்கு எழுதாது விட்டால் பின்னது பொய் என வாசகர் உடனே அறிவார். இரண்டுக்கும் ஒரே தொனியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் நாவலாசிரியரின் விளையாட்டில் தாமும் பங்காளியாகிறார். கலைக்களஞ்சியத்தை நம்புவதுபோல் அடிக்குறிப்பை நம்பும் வாசகர் ஏமாற்றப்படுகிறார். மாதவனின் நாவலுக்கு அடிக்குறிப்பே இல்லாத பதிப்பும், நூலின் இறுதியில் நிலப்படத்தோடு கூடிய சிறு பின்னுரையும் போதும். ராமகிருஷ்ணனின் நாவலுக்கு அது போதாது. மாதவன் என்னும் கணிதர் இருந்தார், இட்டிக்கோரா இருந்ததில்லை என்பதை யாராவது ஒருவர், நூலின் அட்டைக்குள் எங்கேனும் ஓரிடத்தில், சொல்லியாக வேண்டும்.