அறிவின் எல்லையும் விசுவாசத்தின் இடமும்

இம்மானுவேல் காண்ட் 1781-இல் வெளியிட்ட ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ என்னும் நூலை முற்றும் படித்தோர் நம்மிடையே சிலரே. அதனைத் துணைக்கு அழைப்போரோ பலர். 1787-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், அறிவின் உரிமையைக் குறைத்ததனால் விசுவாசத்திற்கு இடம் உண்டாயிற்று என்னும் பொருள்பட அவர் எழுதியுள்ளார். அதனை மட்டும் எடுத்துக்கொண்டு, பகுத்தறிவின் வாய் அடைக்கப்பட்டது, இனி நமக்கு ஆபத்தில்லை என்று பிரசங்கிப்பது எளிது. அது தகுமா என்று ஆராய விரும்புகிறோம்.

காண்ட் கூறுவது யாது? இடமும் காலமும் பொருள்களின் பண்புகளல்ல. நம் புலன்காட்சியின் வடிவங்கள். காரணம், பொருண்மை முதலிய பன்னிரண்டு அடிப்படைக் கருத்துகளால் நம் மனம் அக்காட்சியை ஒழுங்குபடுத்துகிறது. எனவே நாம் அறிவது நமக்குத் தோன்றும் பொருளை. தன்னில் தானாயுள்ள பொருளையன்று.

இங்கேதான் தமிழில் தத்துவம் கற்போர்க்கு இடறல் நேரிடுகிறது. ‘தோற்றம்’ என்றவுடன் கயிற்றில் கண்ட பாம்பு நம் நினைவிற்கு வந்துவிடுகிறது. காண்ட்டும் உலகை மாயை என்றார் என முடிவுசெய்துவிடுகிறோம். அவரோ ஜெர்மன் மொழியில் இரு சொற்களை வேறுபடுத்தி ஆளுகிறார். ‘எர்ஷைனுங்’ என்பது அனைவர்க்கும் பொதுவாய், நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டுத் தோன்றும் மெய்யான உலகம். ‘ஷைன்’ என்பதே பொய்த்தோற்றம். கயிறு என்ற அறிவு பிறந்ததும் பாம்பு மறையும். காண்ட் கூறும் தோற்றவுலகமோ எவ்வறிவாலும் மறைவதில்லை. பகுத்தறிவு அனுபவத்தைக் கடந்து ஆன்மா, உலகம் முழுமை, கடவுள் ஆகியவற்றை அறிந்துவிட்டதாக எண்ணுமிடத்திலேயே அவர் பொய்த்தோற்றத்தைக் காண்கிறார். உதிக்கும் சந்திரன் பெரிதாய்த் தோன்றுவதை வானநூலாரும் தவிர்க்க இயலாததுபோல, இதுவும் கண்டறிந்த பின்னும் நீங்காது என்பது அவர் தரும் உவமை. உலகிற்குத் தொடக்கம் உண்டு, இல்லை என்னும் இரண்டையும் ஒத்த வலிமையுடன் வாதிக்கலாம் என அவர் காட்டும் பகுதியை மாணவர் தவறாது படிக்கவேண்டும்.

இனி நம் வினாவிற்கு வருவோம். கடவுள் இல்லையென நாத்திகர் மெய்ப்பிக்க இயலாது என்பதற்குக் காண்ட்டை மேற்கோள் காட்டும் போதகர், அடுத்த ஞாயிறன்றே படைப்பைச் சுட்டி, ‘இதற்கொரு முதற்காரணர் வேண்டாமோ?’ என்று கேட்கிறார். காரணம் என்னும் கருத்து அனுபவ எல்லைக்கு அப்பால் அறிவைத் தராது என்பதன்றோ காண்ட்டின் வாதம்! ஒரே வேலி இருவரையும் தடுக்கிறது. மேலும், அவர் ஒதுக்கித் தந்த இடத்தில் அமர்வது எந்த விசுவாசம்? 1788-இல் வந்த அவரது இரண்டாம் விமர்சனத்தின்படி, அது ஒழுக்க வாழ்வு வேண்டிநிற்கும் கடவுள், சுதந்திரம், அழியாமை என்பனவே. 1793-இல் சமயத்தைப்பற்றி எழுதிய நூலில் வெளிப்படுத்தலும் கிருபையும் ஜெபமும் ஒழுக்க அறிவின் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகின்றன. அதற்காகப் பிரஷிய அரசர் 1794-இல் அவரைக் கண்டித்து ஆணை விடுத்தார். அவ்வாணையை நாம் பாராட்டவில்லை. ஆயினும் அந்நூல் எங்கே கொண்டுசெல்லும் என்பதை அரசவையார் நம்மிற் பலரைவிடத் தெளிவாகக் கண்டிருந்தனர்.

காண்ட்டின் வேலியிலும் பிளவில்லாமலில்லை. தன்னில் தானாயுள்ள பொருள் நம் புலன்களைத் தாக்குகிறது என்றால், காரணக் கருத்தை அவரே எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றாரல்லரோ என்று யாக்கோபி 1787-இலேயே வினவினார். இதற்கு அறிஞர் பலவாறு விடை கூறியுள்ளனர். நமக்கு அவை முழு நிறைவளிக்கவில்லை.

இவை அனைத்தினும் நாம் கவலையுடன் காண்பது ஒன்றுண்டு. 1 கொரிந்தியர் 13-இல் பவுல் அறிவின் குறைவைப்பற்றிக் கூறுவதைக் காண்ட்டின் எல்லையோடு ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் நம் பிரசங்கங்களில் உள்ளது. பவுல் கூறும் குறைவு ஒரு நாள் நீங்குவது. தேவனால் முன்னரே அறியப்பட்டிருத்தல் என்னும் உறவில் நிற்பது. காண்ட்டின் எல்லையோ மனித அறிவின் அமைப்பிலேயே உள்ளது. நம் வழிநின்று அறியும் அறிவிற்கு அது ஒருநாளும் விலகாது. மரணப் படுக்கையருகே நிற்கும் போதகர் கண்ணாடி உவமையை எடுத்துரைக்கும்போது, இவ்விரண்டில் எதனை அக்குடும்பத்தார்க்குச் சொல்லுகிறார்?