சாய்வெழுத்தும் தமிழ் வரிவடிவமும்: லதா எழுத்துருவை முன்வைத்து

நூற்பெயர்களையும் மேற்கோள்களையும் சாய்வெழுத்தில் அச்சிடுதல் தமிழாய்விதழ்களிலும் பரவிவரும் வழக்காகும். இது தமிழ் வரிவடிவத்தின் இயல்புக்கு ஏற்றதுதானா என்பதை லதா என்னும் எழுத்துருவின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

லதா மும்பையில் உருவானது. ஆர். கே. ஜோஷி (1936-2008) தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் தம் குழுவினருடன் வடிவமைத்த இவ்வெழுத்துரு, விண்டோஸ் 2000 இயங்குதளத்துடன் தமிழர் வாழும் இடமெங்கும் சென்றது. கோட்டின் பருமன் பெரும்பாலும் ஒரே சீராக அமைந்திருத்தல் இதன் சிறப்பு. செரிப் எனப்படும் முனைக்கோடுகள் இல்லை. முதலில் இயல்பு வடிவமும் பின்னர்த் தடித்த வடிவமும் வந்தன. சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை. எனினும், நவி மும்பையின் கோபர்கைரனே போன்ற பகுதிகளில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றும் ஒரே தாளில் இடம்பெறும் அழைப்பிதழ்களில் ஆங்கில வரி சாய்ந்தால் தமிழ் வரியும் உடன் சாய்ந்துவிடுகிறது. சாய்ப்பவர் வடிவமைப்பாளர் அல்லர், மென்பொருளே.

இலத்தீன் எழுத்தின் சாய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1501இல் வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு பதிப்பித்த நூலுக்காகப் பிரான்செசுகோ கிரிப்போ செதுக்கிய சாய்வெழுத்து, அக்காலக் கையெழுத்தின் அச்சு வடிவம். நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக அது மாறியது பின்னரே. ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்த தமிழுக்கு இவ்வரலாறு இல்லை. கில் சான்சு போன்ற செரிப் அற்ற எழுத்துருக்களிலும் சாய்வுக்கெனச் சில எழுத்துகள் வேறாக வரையப்பட்டுள்ளன என்பதை நம்மவர் கருதுவதில்லை.

இயந்திரச் சாய்வு விளைவிக்கும் கேடுகள் இரண்டு. வட்டத்தைச் சாய்த்தால் கோடு ஒருபுறம் மெலிந்து மறுபுறம் தடிக்கும். சுழிகள் மிகுந்த தமிழில் இது ண, ஞ, ழ முதலிய எழுத்துகளில் உடனே புலப்படும். சீரான கோட்டுக்காகவே ஏற்கப்பட்ட எழுத்துரு அச்சீர்மையையே இழக்கிறது. மற்றொன்று புள்ளி பற்றியது, இதுவே பெரிது. 12 பாகைச் சாய்வில், 10 அலகு உயரத்திலுள்ள புள்ளி 2 அலகுக்குச் சற்று மிகுதியாக வலப்புறம் நகரும். சிறிய அளவில் அச்சிடும்போது ‘க்க’ என்பதில் புள்ளி இரண்டாம் ககரத்தின் எல்லையை நெருங்குகிறது. புள்ளியை மெய்யின் அடையாளமாக வகுத்தவர் தொல்காப்பியர். ஏடுகளில் புள்ளி இடப்படாமையால் பதிப்பாசிரியர்கள் உற்ற இடர்ப்பாடுகளைத் தமிழாய்வுலகம் நன்கறியும். அரிதின் மீட்ட தெளிவை ஒரு பொத்தானுக்காக இழப்பது ஏற்கத்தக்கதன்று.

சாய்வே தமிழுக்கு ஆகாது எனல் இங்குக் கருத்தன்று. சுவரெழுத்துகளிலும் திரைப்படச் சுவரொட்டிகளிலும் ஓவியர்கள் விரைவு தோன்றச் சாய்த்தே எழுதினர். அவர்கள் ஒவ்வொரு புள்ளியையும் கண்ணளந்து இட்டவர்கள். நோட்டோ செரிப் தமிழ் குடும்பத்திலும் சாய்வு வடிவம் தனியே தரப்பட்டுள்ளது. ஆயின் உரைநடைக்கு வேறு வழியும் உண்டு. மும்பையின் ஏக் டைப் குழுவினர் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழ், செரிப் அற்றது. அதில் பருமனும் அகலமும் பல படிகளில் மாறுகின்றன, சாய்வு இல்லை. நூற்பெயரைச் சற்றுத் தடித்தோ அகலம் குறைத்தோ காட்டினால் புள்ளி தன் எழுத்தின் தலையிலேயே நிற்கும்.