பாட்டி பிறந்த நாட்டின் சீருடை

2017 நவம்பர் 25, ஆக்லாந்தின் மவுண்ட் ஸ்மார்ட் அரங்கு. ரக்பி லீக் உலகக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் முடிய இன்னும் ஏழெட்டு நிமிடங்கள்தான். இங்கிலாந்து 20, டோங்கா 0. அரங்கம் முழுக்க டோங்கா ரசிகர்கள் சிவப்புக் கொடி பிடித்திருந்தார்கள். அடுத்தடுத்து மூன்று முறை டோங்கா வீரர்கள் எதிரணிக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தார்கள், 20–18. கடைசி நொடிகளில் ஆண்ட்ரூ ஃபிஃபிடா கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து கை நழுவியது. நடுவர் புள்ளி தரவில்லை. டோங்கா தோற்றது.

ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம் உலகக் கோப்பை இறுதியின் வாசல்வரை வந்தது எப்படி? ஃபிஃபிடா பிறந்தது சிட்னியில். அந்த அணியின் பெரும் பலமாக இருந்த ஜேசன் டௌமலோலோ பிறந்தது ஆக்லாந்தில். முன்னவர் ஆஸ்திரேலியாவுக்கும் பின்னவர் நியூசிலாந்துக்கும் ஆடியவர்கள். இருவரும் அந்தப் பெரிய அணிகளை விட்டு, தங்கள் குடும்பத்தின் வேர்கள் உள்ள டோங்காவுக்காக ஆட வந்தார்கள். இவர்களைப் போன்ற வம்சாவளி வீரர்களை நம்பித்தான் இன்று ரக்பி லீக்கின் சர்வதேச ஆட்டம் பெருமளவு நடக்கிறது. இது நியாயமான ஏற்பாடா, குறுக்கு வழியா என்ற வாதம் ஒவ்வொரு உலகக் கோப்பையின்போதும் எழுகிறது. வம்சாவளி உரிமை நியாயமானது என்பதே என் முடிவு. ஆனால் அந்த உரிமையைச் சுற்றிக் கட்டியிருக்கும் விதிகளில் நியாயம் பாதிதான் இருக்கிறது.

விதி எளிது. ஒருவர் பிறந்த நாடு, தாய் தந்தையர் பிறந்த நாடு, தாத்தா பாட்டி பிறந்த நாடு ஆகியவற்றில் எதற்காகவும் அவர் ஆடலாம்; நெடுங்காலம் குடியிருந்த நாட்டுக்காகவும் ஆடலாம். சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் முதல் அடுக்கு. மற்ற நாடுகளெல்லாம் இரண்டாம் அடுக்கு. முதல் அடுக்கு நாடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையே மாறிக்கொள்ள வழி உண்டு. டௌமலோலோ 2013இல் டோங்காவுக்கு ஆடி, பிறகு நியூசிலாந்துக்குப் போய், 2017இல் மீண்டும் டோங்காவுக்கு வந்தது இந்த வழியில்தான்.

இதன் நன்மைகளை முதலில் சொல்லவேண்டும். 1895இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ரக்பி யூனியனிலிருந்து தனியாகப் பிரிந்த இந்த ஆட்டம், வட இங்கிலாந்து, சிட்னி, பிரிஸ்பேன், ஆக்லாந்து என்று சில இடங்களில்தான் ஆழமாக வேரூன்றியது. 1954இல் முதல் உலகக் கோப்பை நடந்தபோது கலந்துகொண்டவை நான்கே அணிகள். பிறந்த மண்ணை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் இந்த நிலை பெரிதாக மாறியிருக்காது. சிட்னியின் லெபனானியக் குடும்பங்களும், லீட்ஸ், ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரங்களின் ஜமைக்கக் குடும்பங்களும், ஆக்லாந்தின் டோங்கா, சமோவாக் குடும்பங்களும்தான் புதிய கொடிகளைக் களத்துக்குக் கொண்டுவந்தன.

அந்தக் குடும்பங்கள் புலம்பெயர்ந்த கதையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சமோவாவை 1914 முதல் 1962 வரை ஆண்டது நியூசிலாந்து. போருக்குப் பின் அதன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது தீவு மக்களை வரவேற்றது. பொருளாதாரம் சரிந்ததும், 1970களில் விடியற்காலையில் வீடு புகுந்து விசா கேட்டது. அதற்காக அந்நாட்டு அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். அப்படி வாழ்ந்த வீடுகளில் வளர்ந்த ஒரு பையன் பாட்டியின் மொழியில் ஜெபம் செய்து, தீவில் உள்ள உறவுகளுக்குப் பணம் அனுப்பும் பெற்றோரைப் பார்த்து வளர்கிறான். “நீ பிறந்த இடம்தான் உன் நாடு” என்று அவனிடம் சொல்லும் விதி, அவன் வாழ்க்கையை அறியாத விதி.

2022ஆம் ஆண்டின் சமோவா இதற்கு இன்னொரு சான்று. நியூகாசிலில் நடந்த தொடக்க ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 60–6 என்று நொறுங்கிய அணி, லண்டனில் நடந்த அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 27–26 என்று வென்றது. கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் கிரைட்டன் உதைத்த ஒற்றைப் புள்ளி முடிவைத் தீர்மானித்தது. இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 30–10 என்று தோற்றாலும், பசிபிக் தீவு நாடு ஒன்று அந்த மேடையில் ஏறியது அதுவே முதல் முறை. ஜரோம் லுவாய், பிரையன் டோஓ போன்ற மேற்குச் சிட்னிப் பையன்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காக, ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரிலும் ஆடினார்கள், சமோவாவுக்காகவும் ஆடினார்கள். இரண்டாம் அடுக்கு நாட்டுக்கு ஆடுபவர் ஆரிஜினையும் இழக்க வேண்டியதில்லை என்று அப்போதைய விதி அனுமதித்ததால்தான் இது நடந்தது. நல்ல விதி இருந்தால் நல்ல அணி உருவாகும்.

இனி குறைகள். பிறப்புச் சான்றிதழை நம்பும் முறையில் சான்றிதழ் பொய்க்கவும் கூடும். 2006 முத்தரப்புத் தொடரில் நியூசிலாந்து களமிறக்கிய நேதன் ஃபியன், ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசாவில் பிறந்தவர். நியூசிலாந்தில் பிறந்த பாட்டியைக் காட்டித்தான் அவர் தகுதி பெற்றிருந்தார். விசாரித்ததில் அந்தப் பெண்மணி அவருடைய பாட்டி அல்லர், கொள்ளுப்பாட்டி என்று தெரிந்தது. கிரேட் பிரிட்டனை வென்று பெற்ற இரண்டு புள்ளிகளும் பறிபோயின. பின்னர் ஃபியன் குடியிருப்பு அடிப்படையில் தகுதி பெற்று, 2008இல் உலகக் கோப்பை வென்ற நியூசிலாந்து அணியிலும் இடம்பெற்றார். இவ்வகைப் பிழையைக் கவனமான ஆவணச் சோதனையால் தவிர்த்துவிடலாம். இதைவிடப் பெரிய குறைகள் இரண்டு உண்டு.

முதலாவது, அடுக்குமுறை. ஜேம்ஸ் டெடெஸ்கோ 2013, 2017 உலகக் கோப்பைகளில் இத்தாலிக்கு ஆடினார். 2022இல் ஆஸ்திரேலியாவின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். அவர் விதியை மீறவில்லை, அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பெரிய நாடு கூப்பிடும்வரை காத்திருக்கும் திண்ணையாகச் சின்ன நாட்டை ஆக்கிவைத்திருப்பது அந்த விதிதான். 2019இல் டோங்கா ஆஸ்திரேலியாவை 16–12 என்று வென்றது; மூன்றாண்டுகளில் சமோவா இறுதிக்கு வந்தது. அதற்குப் பிறகும் இவற்றை இரண்டாம் அடுக்கு என்று அழைப்பதற்குக் களத்தில் காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது குறைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வெற்றி வெளிநாட்டில் நடக்கிறது, வீட்டில் எதுவும் முளைப்பதில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவை வென்ற அந்த அணி, டோங்காவின் அதிகாரபூர்வ அணியாகக்கூட ஆடவில்லை. பயிற்சியாளர் கிறிஸ்டியன் வூல்ஃபை நீக்கிய உள்நாட்டுச் சங்கத்துக்கும் வீரர்களுக்கும் இடையே பூசல் முற்றியது. சர்வதேச அமைப்பு சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ‘டோங்கா அழைப்பு பதின்மூவர்’ என்ற பெயரில்தான் அவர்கள் கிரேட் பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் அடுத்தடுத்துத் தோற்கடித்தார்கள். தாய்நாட்டுச் சங்கம் முடங்கிக் கிடக்கும்போது அந்த நாட்டின் அணி உலகின் உச்சியில் நின்றது. வீரர்களின் திறமைக்கு இது பெருமை. ஆனால் அணிக்கும் நாட்டுக்கும் இடையிலான கயிறு எவ்வளவு மெலிந்திருந்தது என்பதையும் இதே நிகழ்ச்சி காட்டுகிறது.

ஸ்காட்லாந்தின் கதை இன்னும் தெளிவானது. 2016இல் பெரும்பாலும் இங்கிலாந்தில் வளர்ந்த வம்சாவளி வீரர்களோடு நியூசிலாந்துடன் 18–18 என்று சமன் செய்தபோது எல்லோரும் வியந்தார்கள். 2022இல் ஆஸ்திரேலியாவிடம் 84–0. ஒரு தலைமுறை வீரர்கள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வர உள்ளூரில் போதுமான ஆட்கள் இல்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்கிறது பப்புவா நியூ கினி. அங்கே ரக்பி லீக் தேசிய விளையாட்டு. ஜஸ்டின் ஓலம் சிம்பு மலைநாட்டில் பிறந்து, லே நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். அந்நாட்டின் ஹன்டர்ஸ் அணியில் ஆடி, அங்கிருந்து மெல்பர்ன் ஸ்டார்முக்குப் போய், 2020இல் ஆஸ்திரேலிய லீக் பட்டம் வென்ற அணியில் ஆடினார். அவருக்குப் பாட்டியின் சான்றிதழ் தேவைப்படவில்லை. 2014 முதல் குயின்ஸ்லாந்து லீக்கில் ஆடிவரும் ஹன்டர்ஸ் என்ற ஒரு படிக்கட்டுதான் தேவைப்பட்டது. அதே படிக்கட்டு டோங்காவுக்கும் சமோவாவுக்கும் ஏன் இல்லை என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அப்படியானால் உள்நாட்டு வீரர்களுக்கு இத்தனை இடம் என்று களத்திலேயே ஒதுக்கிவிடலாமா? கூடாது. முழுநேரத் தொழில்முறை வீரர்களுக்கு எதிரே வாரம் இருமுறை பயிற்சி செய்யும் இளைஞனை நிறுத்தினால் அவனுக்குத்தான் காயம். கிரீஸின் நிலையும் யோசிக்க வைக்கிறது. சொந்த நாட்டில் அரசு அங்கீகாரம் இல்லாததால் அந்த அணி சொந்த மண்ணில் ஆடவேண்டிய தகுதிச்சுற்று ஆட்டத்தை லண்டனில் ஆடவேண்டியிருந்தது. ஆஸ்திரேலியக் கிரேக்கர்கள் தோள் கொடுத்ததால் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2022இல் அரசு அங்கீகாரமும் கிடைத்தது. வம்சாவளி வீரர்கள் உள்ளூர் ஆட்டத்துக்கு எதிரிகள் என்று சொல்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும். சரியாகப் பயன்படுத்தினால் அவர்களே அதற்குக் கதவு திறக்கிறார்கள்.

ஆகவே தாத்தா பாட்டி விதி இருக்கட்டும்; மாற்றவேண்டியவை மூன்று. அடுக்குப் பிரிவை நீக்கி, ஒருவர் எந்த நாட்டைத் தேர்ந்தாலும் ஒரு உலகக் கோப்பைச் சுற்று முழுவதும் அந்த நாட்டிலேயே நிற்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே விதி வைக்கவேண்டும். ஆட்ட ஊதியத்தைப் போட்டியின் பொது வருவாயிலிருந்து எல்லா அணிகளுக்கும் சமமாகத் தரவேண்டும். பெற்றோரின் நாட்டுக்காக ஆடுபவன் சம்பளத்தை இழக்கக் கூடாது. தகுதிச்சுற்றுக் குழுக்களில் உள்நாட்டு லீக்கில் வளர்ந்தவர்களுக்கு இடம் ஒதுக்கி, வருவாயில் ஒரு பங்கை அந்த நாட்டின் பள்ளி ஆட்டங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் கட்டாயமாக அனுப்பவேண்டும்.

2026 உலகக் கோப்பை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் பத்து அணிகளுடன் நடக்கவிருக்கிறது. டோங்கா, சமோவா, லெபனான், குக் தீவுகள் எல்லாம் வருகின்றன. இந்த அணிகளில் சிட்னியிலும் ஆக்லாந்திலும் பிறந்தவர்கள் நிறைய இருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் ஈட்டும் பணமும் கவனமும் டோங்காவின் நூக்குவாலோஃபாவிலும் சமோவாவின் ஆபியாவிலும் உள்ள ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் அமைப்பாளர்களிடம் நாம் விடாமல் கேட்கவேண்டும்.