கூரையைத் தொடாத சுவர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் பழைய கதை கேட்டால் ஒரு வரி கட்டாயம் வரும். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா இருந்தோம். ஒரு வீட்ல சத்தம் கேட்டா பத்து வீட்டு ஆளும் ஓடி வரும்." கெமாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தாமான் வீடுகளுக்கும் பிளாட்டுகளுக்கும் வந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நான் வாசித்த தோட்டத்துச் சிறுகதைகளில் பாதி இந்த வரியிலிருந்து பிறந்தவை. மீதிப் பாதி இதற்கு எதிர்ப்பக்கம்: வறுமை, கள்ளு, அடிதடி, அழுகை. இரண்டிலும் மனிதர்கள் நன்றாகவே வருகிறார்கள். அவர்கள் இருந்த வீடு மட்டும் 'லயம்' என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோகிறது.

பெரியவர்களின் அந்த வரியில் ஒரு சின்ன விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சத்தம் கேட்டது, சரி. ஏன் கேட்டது?

பழைய லயங்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த பலகைத் தடுப்பு பல இடங்களில் கூரைவரை போகாது. இருமல், சண்டை, பிள்ளையின் சிணுங்கல், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களின் கிசுகிசுப்பு எல்லாம் மேலே ஏறி அடுத்த வீட்டில் இறங்கும். காற்றோட்டத்துக்கு என்று காரணம் சொல்லலாம், பலகைச் செலவு மிச்சம் என்றும் சொல்லலாம். உள்ளே வாழ்ந்தவர்களுக்கு விளைவு ஒன்றுதான். கதவைச் சாத்திய பிறகும் அவர்கள் தனியாக இல்லை. நாம் ஒற்றுமை என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு அந்தப் பலகையின் வேலை. அதே பலகைதான் ஒரு பெண் இரவில் அழுததைப் பத்து வீட்டுக்கும் சொல்லி, மறுநாள் குழாயடியில் அவளைத் தலைகுனிய வைத்தது.

லயம் எப்படியோ தானாக முளைத்த வீடு கிடையாது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டியது. துரை பங்களா மேட்டில், அகலமான வராந்தாவும் சுற்றிலும் புல்தரையுமாக இருக்கும். கிராணி வீடு அதற்குக் கொஞ்சம் தள்ளி. லயம் கீழே, ஒரே மாதிரிக் கதவுகளோடு வரிசையாக. விடிவதற்கு முன் பிரட்டுக்கு ஆள் வரவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று தேடவே வேண்டாம். மலாயாவுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. தொழிலாளியை ஆளாகப் பார்க்காமல் எண்ணிக்கையாகப் பார்த்த அந்தப் புத்தி, கட்டட வடிவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நின்றது. இலங்கை மலையகத்திலும் இதே வரிசை வீடுகள்தான், அங்கே லயக்காம்பிரா என்பார்கள். தேயிலைக்கும் ரப்பருக்கும் பயிர்தான் வேறு.

இன்னொரு உணர்வையும் அந்த வீடு கற்றுக்கொடுத்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக் கொல்லையில் என்ன வளர்த்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். முருங்கை, கருவேப்பிலை, வாழை என்றுதான் பதில் வரும். எல்லாம் சீக்கிரம் பலன் கொடுப்பவை.

வீட்டுக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை முழு நாவலாக்கியவர் கே.எஸ்.மணியம். 1981இல் வந்த அவருடைய ஆங்கில நாவல் 'தி ரிட்டர்ன்' நம்ம ஊர்க் கதை இல்லை, கெடாவின் பீடோங் பக்கத்தில் நடப்பது. அதில் பெரியதாயி என்ற பாட்டி தனக்கென்று ஒரு வீடு எழுப்புகிறாள். நிலம் அவளுடையது இல்லை. அடுத்த தலைமுறையில் நைனாவும் சொந்தமில்லாத மண்ணில் வீடு கட்டி, கடைசியில் அந்த வீட்டோடு சேர்ந்து எரிந்துபோகிறார். இதை ஒரு மனிதனின் மனப்பிறழ்வு என்று வாசித்து முடித்துவிடலாம். எனக்கு அது, தலைமுறை தலைமுறையாகப் பிறர் சுவருக்குள் வாழ்ந்தவர்களிடம் ஒரு சொந்தச் சுவர் என்ன செய்யும் என்பதைப் பற்றிய நாவல். மணியத்தின் பலம், வீட்டை வெறும் பின்னணியாக விடாமல் கதையின் முடிச்சாகவே ஆக்கியது.

லயத்து மக்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. ஒரே மாதிரிக் கதவுகளுக்கு முன்னால் வேறு வேறு கோலம் போட்டார்கள். பலகைச் சுவரில் சாமிப் படம் மாட்டி ஒரு மூலையைப் பூசை அறையாக்கினார்கள். அஞ்சடியைத் திண்ணையாக்கினார்கள். தோட்டத்தில் பெரும்பாலும் அவர்களே இடம் பார்த்து, காசு போட்டு, கட்டிய ஒரே கட்டடம் கோயில். தோட்டம் விற்கப்படும்போது முதலில் கோயிலுக்காகக் குரல் எழுவதை வெறும் பக்தி என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

இப்போது பிளாட்டுக்கு வருவோம். "இங்க யாரும் யாரோடையும் பேசறதில்ல, மனுசங்க மாறிட்டாங்க" என்பது அடுத்த புலம்பல். மனிதர்கள் மாறினார்களா? உட்கார அஞ்சடி இல்லை, கோலம் போட மண் இல்லை. குறுகிய நடைபாதையில் எதிரெதிரே இரும்புக் கம்பிக் கதவுகள். நின்று பேசினால் மற்றவர் போக வழியில்லை. வடிவம் செய்த காரியத்துக்கு நம் பிள்ளைகளின் குணத்தைக் குறை சொல்கிறோம். லயத்தின் நெருக்கத்துக்கு நம் பண்பாட்டைப் புகழ்ந்ததும் இதே தவறுதான். தோட்ட நிர்வாகமும் மேம்பாட்டாளரும் இரண்டு முறையும் தப்பித்துவிடுகிறார்கள்.

நெகிரி செம்பிலான் தன் கட்டடங்களை மறக்காத மாநிலம். 1908இல் முடிந்த ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையின் 99 தூண்களுக்கும் கதை உண்டு. கொம்புபோல் வளைந்த மினாங்கபாவ் கூரையை அரசு அலுவலகங்களிலும் பார்க்கலாம். கெமாஸிலேயே, 2013இல் முடிந்த சிரம்பான்–கெமாஸ் இரட்டைத் தண்டவாளத் திட்டத்தில் புது நிலையம் வந்த பிறகும் பழைய ரயில் நிலையத்தை விட்டுவைத்தார்கள். லயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் அநேகமாக இல்லை. செம்பனை நடவும் தாமான் எழுப்பவும் அது இடிக்கப்படும். பிறகு அந்த வீட்டின் வரைபடம் நம் கதைகளில் இருந்தால்தான் உண்டு.

அதனால் எழுதப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பாட்டியிடம் உட்காரும்போது "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதோ தயாராகிவிட்டது. ராத்திரி பாயை எந்தப் பக்கம் போட்டீங்க, மழை தகரத்தில் அடிக்கும்போது எப்படிப் பேசிக்கிட்டீங்க, சமைஞ்ச பொண்ணை எங்கே உட்கார வச்சீங்க, தனியா அழணும்னா எங்கே போனீங்கன்னு கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். காத்திருங்கள்.