போன டென்ட் திரும்பி வந்தது

மலையேற டென்ட் வாங்கப் போகிறீர்களா? கேட்லாக்கைப் புரட்டும் முன் ஆப்ஸ்லி செரி-கரார்டின் ‘தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்’ (1922) படியுங்கள். தலையணை சைஸ். மற்றவர்களின் டைரிகளை அள்ளிக் கொட்டியிருப்பதால் நடுநடுவே கொட்டாவி வரும். பக்கங்களைத் தாண்டுங்கள், பாவமில்லை. ‘குளிர்காலப் பயணம்’ அத்தியாயத்தை மட்டும் தாண்டாதீர்கள்.

1911 ஜூலை. அன்டார்க்டிகாவின் ராத்திரி. எம்பரர் பெங்குவின் முட்டை தேடி வில்சன், பவர்ஸ், செரி மூவரும் கேப் குரோசியர் போகிறார்கள். கல் அடுக்கிய குடிசை, வாசலில் டென்ட். புயல் டென்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அப்புறம் குடிசையின் கேன்வாஸ் கூரையும் கிழிகிறது. டென்ட் இல்லாமல் உயிரோடு திரும்ப முடியாது என்று மூவருக்கும் தெரியும். செரி அழவில்லை, பீச் பழத்துக்கு ஏங்கினேன் என்று எழுதுகிறார். அங்கேதான் மனுஷன் நம்மை ஜெயிக்கிறார்.

காற்று அடங்கியபின் சரிவில் அரை மைல் கீழே டென்ட் கிடைக்கிறது. மூங்கில் கால்கள் குடை மாதிரி மடங்கிக்கொண்டதால் கிழியவில்லை.

இன்றைய டென்ட்களில் அலுமினியக் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, காற்றின் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எடை இரண்டு கிலோ என்பார்கள். பி.காம். படித்த புத்தி, பொடி எழுத்தைப் படித்தேன்: பல கேட்லாக்குகளில் அந்த எடையில் முளையும் பையும் சேர்த்தி இல்லை! பனியில் முளை இல்லாத டென்ட் வெறும் பட்டம்.

பவர்ஸுக்கு அது புரிந்திருந்தது. திரும்பும் வழியில் டென்ட் உச்சியிலிருந்து ஒரு கயிறு இழுத்து, தன் உடம்போடு கட்டிக்கொண்டு தூங்கினார். டென்ட் போனால் அவரும் கூடவே போவதாக ஏற்பாடு.