நிறம் யாருடைய சொத்து?

மரபு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். கோயில் கதவைச் சாத்தியவனும் மரபு என்றுதான் சொன்னான். கிணற்றங்கரையில் தள்ளி நிற்கச் சொன்னவனும் மரபு என்றுதான் சொன்னான். அதனால் யாராவது ‘காலங்காலமாக இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால், யாருடைய காலம், யாருக்கு லாபம் என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படியிருக்க, ‘எங்கள் நிறத்தைத் தொடாதே, எங்கள் சின்னத்தை மாற்றாதே’ என்று ஐரோப்பாவின் கால்பந்து ரசிகர்கள் போட்ட கூச்சலை நாம் எந்தப் பக்கம் நின்று கேட்பது?

இலக்கியப் பத்திரிகையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்கு வில், புலி, மீன் என்று மூவேந்தர் கொடிகளைப் பாடம் நடத்தினார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம். அந்தக் கொடியைத் தூக்கிச் சுமந்த கைகள் யாருடையவை, கொடி மாறியபோது அந்தக் கைகளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது பாடத்தில் இல்லை. கால்பந்துக் கிளப்பின் சின்னமும் ஒரு பிரதிதான். அதை எழுதுகிறவன் ஒருத்தன், நெஞ்சில் சுமக்கிறவன் வேறொருத்தன். இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கிற சண்டையைத்தான் இங்கே வாசிக்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுவோம். எந்தக் கிளப்பின் நிறமும் ஆதியிலிருந்து வந்ததில்லை. கருப்பு வெள்ளைப் பட்டைக்குப் பேர்போன இத்தாலியின் யுவென்டஸ் ஆரம்பத்தில் ஆடியது இளஞ்சிவப்புச் சட்டையில். 1903இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து தருவித்த சட்டைகளோடு வந்து சேர்ந்ததுதான் இந்தப் பட்டை. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டியை எடுத்துக்கொள்வோம். 1899இல் ஒரு கிரிக்கெட் கிளப்பின் ஆட்கள் குளிர்காலத்திலும் கலையாமல் சேர்ந்திருக்க வேண்டும் என்று ரிவர்சைடு என்ற பெயரில் ஆரம்பித்த அணி அது. அன்றைய சட்டை சாக்லேட் பழுப்பும் மஞ்சளும். 1908இல் கார்டிஃப் சிட்டி என்று பெயர் மாறியது. நீலம் அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டது. 1911இல் மாட்டர்லிங்கின் ‘நீலப் பறவை’ நாடகம் அந்த ஊரில் நடந்தது. அதிலிருந்து ‘நீலப் பறவைகள்’ என்ற பட்டப்பெயர் வந்தது. பெல்ஜிய நாட்டு நாடகாசிரியன் ஒருவனின் பறவை, நிலக்கரி ஏற்றும் துறைமுகத்து ஊரில் வந்து கூடு கட்டிவிட்டது.

1927இல் அந்த நீலச் சட்டைக்காரர்கள் ஆர்செனலை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வேல்சுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்துக்கு வெளியே அந்தக் கோப்பை போனது அந்த ஒரே ஒரு தடவைதான். அப்புறம் பல வருசம் தோல்வி, கீழ்டிவிசன், மழை. அந்த மழையில் நனைந்துகொண்டு கேலரியில் நின்ற சனங்கள்தான் நீலத்துக்கு அர்த்தம் ஏற்றினார்கள். நீலம் என்றதும் நமக்கு வேறு நினைவு வரும்; அதை இங்கே கொண்டுவந்து போடாமல் மேலே போவோம்.

2010இல் மலேசியாவின் பெருமுதலாளி வின்சென்ட் டான் இந்தக் கிளப்பில் பணம் போட்டார். 2012 ஜூனில் அறிவிப்பு வந்தது: இனிமேல் உள்ளூர் ஆட்டத்துக்கு சட்டை சிவப்பு. சின்னத்தில் பெரிய சிவப்பு டிராகன், அதன் அடியில் சுண்டுவிரல் அளவுக்கு நீலப் பறவை. சிவப்பு ஆசியாவில் ராசியான நிறம், வெளிநாட்டுச் சந்தையில் எடுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டிராகன் வேல்ஸ் நாட்டுக் கொடியில் இருப்பதுதானே, இதில் உங்களுக்கு என்ன வருத்தம் என்றும் கேட்டார்கள். இந்த வாதத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். தேசத்தின் அடையாளத்தை எடுத்து ஊரின் அடையாளத்தை மூடுகிறார்கள். சனங்களுடையதைச் சனங்களுடையதைக் கொண்டே அழிப்பது அதிகாரத்தின் பழைய வித்தை.

இங்கே ரசிகர்களைத் தியாகிகளாக்கிவிடக் கூடாது. ஊர்வலம் போனவர்கள் இருந்தார்கள். பழைய நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே வந்தவர்கள் இருந்தார்கள். கிளப்புக்குக் கடன், பணம் வந்தால் சரி, சட்டை எந்த நிறமாயிருந்தால் என்ன என்று சொன்னவர்களும் நிறைய. 2013இல் சிவப்புச் சட்டையோடு இரண்டாம் டிவிசன் சாம்பியனாகி, 51 வருசத்துக்கப்புறம் முதல் டிவிசனுக்குள் கார்டிஃப் நுழைந்தது. அந்த வசந்தத்தில் எதிர்ப்புச் சத்தம் தணிந்துதான் போனது. வயிற்றுப்பாட்டைக் காட்டி மானத்தைக் கேட்கிறவன் முன்னால் சனங்கள் படுகிற பாடு இது. அதைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். அடுத்த வருசமே அணி கடைசி இடத்துக்குப் போய்க் கீழே இறங்கியது. ஜெயிக்கும்போது தணிந்த சத்தம் தோற்கும்போது எழுந்தது. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. ஒற்றுமையும் சந்தோசமும் முக்கியம் என்று பௌத்தரான தன் தாயார் எடுத்துச் சொன்னதை டான் குறிப்பிட்டார். அந்தத் தாயார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் இரண்டரை வருசம் கத்தியதற்கு ஒரு வரிகூடக் கணக்கில்லாமல், எல்லாம் முதலாளியின் மனமாற்றமாக எழுதப்பட்டதைப் பாருங்கள். பறித்ததும் அவர், திருப்பிக் கொடுத்த புண்ணியமும் அவருக்கே.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்துக் கதை இன்னும் கடுசு. எஸ்.வி. ஆஸ்திரியா சால்ஸ்பர்க் 1933இல் தொடங்கிய கிளப். ஊதாவும் வெள்ளையும் அதன் நிறம். 1994, 1995, 1997 ஆண்டுகளில் நாட்டின் சாம்பியன். 1994இல் யூஃபா கோப்பை இறுதியாட்டம் வரை போய் இன்டர் மிலானிடம் தோற்றது. 2005இல் ரெட்புல் பானக் கம்பெனி இதை வாங்கியது. ஊதா போனது, கம்பெனியின் சிவப்பும் வெள்ளையும் வந்தன, டப்பாவில் இருக்கிற இரண்டு காளைகளும் சின்னத்தில் ஏறின. கிளப் பிறந்த வருசமே 2005 என்று போட்டுக்கொண்டார்கள். ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கம் தலையிட்ட பிறகுதான் 1933 திரும்பியது. ஒருத்தனுடைய வீட்டை வாங்கலாம். அவன் அப்பன் பிறந்த தேதியையும் சேர்த்து மாற்றுவது என்ன நியாயம்?

ரசிகர்கள் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். கம்பெனி விட்டுக்கொடுக்க முன்வந்ததில் ஒன்று, கோல்கீப்பரின் காலுறை மட்டும் ஊதாவாக இருக்கலாம் என்பது. தலையில் இருந்ததைக் காலுக்கு இறக்கி, இதுவே பெரிய சலுகை என்று நினைத்துக்கொள் என்கிற பேச்சு. பிரதிநிதித்துவம் என்ற பேரில் நமக்கு நீட்டப்படும் நாற்காலிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காலுறையின் அளவு நன்றாகத் தெரியும். அவர்கள் அதை வாங்க மறுத்தார்கள். பழைய பெயரிலேயே ஒரு கிளப்பைப் பதிவுசெய்து, 2006இல் நாட்டின் ஏழாம் படியிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். நாலு வருசத்தில் மூன்றாம் படி. 2015இல் இரண்டாம் படிக்கு ஏறி, பணமுடையில் சிக்கி மறு வருசமே இறங்கினார்கள். 2023இல் கோப்பைப் போட்டியொன்றில் ஊதாவும் காளையும் நேருக்கு நேர் மோதியபோது காளை 4-0 என்று ஜெயித்தது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மூன்று சாம்பியன் பட்டங்களையும் வாங்கியபோது கிளப் எஸ்.வி. கேசினோ சால்ஸ்பர்க் என்ற பெயரில்தான் ஆடியது. சூதாட்டக் கம்பெனியின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தபோது எழாத மானம் பானக் கம்பெனி வந்தபோது மட்டும் ஏன் எழுந்தது என்று ஒருத்தர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். கேசினோக்காரன் தன் பெயரை ஒட்டினான். நிறத்தையும் நினைவையும் விட்டுவைத்தான். சுவரில் விளம்பரம் எழுதுகிறவனுக்கும் சுவரையே இடிக்கிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் முதல் விளம்பரத்தில்தான் சுவர் விலைக்கு வந்தது. சால்ஸ்பர்க் ரசிகர்களின் மேல் எனக்குள்ள அன்போடு இதையும் சொல்லியாக வேண்டும்.

இதுவரை படித்தவர்கள், ஆக இவன் மரபுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று முடிவு கட்டியிருக்கலாம். இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே புட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். வாஷிங்டன் நகரத்து அணிக்கு 1933 முதல் 2020 வரை பெயர் ரெட்ஸ்கின்ஸ். செந்தோலன்கள் என்று அர்த்தம். அந்த மண்ணின் பூர்வகுடிகளை வந்தேறிகள் திட்டிய சொல். அணியை உருவாக்கிய ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், அரசாங்கம் நெருக்கிய பிறகு 1962இல்தான் கருப்பின ஆட்டக்காரர்களை அணியில் இறக்கினார். அந்த லீக்கில் கடைசியாக நிறத்தடையை விட்ட அணி இதுதான்.

1972இல் இந்த அணியின் தலைக்கவசத்தில் ஒரு பூர்வகுடியின் பக்கவாட்டு முகம் ஏறியது. அதற்கு முன்முயற்சி எடுத்தவர் பிளாக்ஃபீட் மக்களின் தலைவர் வால்டர் வெட்சல். கேலிச்சித்திரமாக இல்லாமல் கௌரவமான முகம் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். முகம் கௌரவமாகத்தான் வந்தது. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்த பெயர் வசவு. படத்தை வரைந்து கொடுக்கும் உரிமை கிடைத்தது. பெயரை எழுதும் உரிமை கிடைக்கவில்லை. ஊர் வைத்த பெயரை உதறிவிட்டுத் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்ட சனங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1992இல் சூசன் ஹார்ஜோ என்ற பூர்வகுடிப் பெண்ணும் வேறு ஆறு பேரும் இந்தப் பெயரின் வணிகப் பதிவை ரத்து செய்யக் கேட்டு மனு போட்டார்கள். வழக்கு வருசக்கணக்கில் இழுத்து, தாமதமாக வந்தீர்கள் என்ற காரணத்தில் தோற்றது. அடுத்த தலைமுறை திரும்ப வழக்குப் போட்டது. 2013இல் அணியின் முதலாளி டேனியல் ஸ்னைடர், பெயரை ஒருக்காலும் மாற்ற மாட்டேன் என்றார். காரணமாகச் சொன்னது மரபு, பெருமை. 2016இல் வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கருத்துக்கணிப்பில் பூர்வகுடிகளில் பத்தில் ஒன்பது பேர் இந்தப் பெயர் தங்களைப் புண்படுத்தவில்லை என்றார்கள். அதுவும் முதலாளிக்கு வாய்ப்பாகப் போனது. வசவு பழகிப்போகலாம். பழகிப்போனதால் அது வாழ்த்தாகிவிடாது. பத்தாவது ஆள் எதற்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்?

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்கெதிராக அமெரிக்கத் தெருக்கள் பற்றி எரிந்தபோது, மைதானத்துக்குத் தன் பெயரை வைத்திருந்த ஃபெடெக்ஸ் கம்பெனி ஜூலை 2ஆம் தேதி பெயரை மாற்றச் சொன்னது. 13ஆம் தேதி பெயர் போய்விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் இருபத்தெட்டு வருசம் நீதிமன்றப் படி ஏறியும் அசையாதது, பணம் கொடுக்கிறவன் வாய் திறந்ததும் பதினொரு நாளில் அசைந்தது. தெருவில் நின்றவர்கள் இல்லையென்றால் கம்பெனியும் வாய் திறந்திருக்காது. இது கணக்கின் மறுபாதி. 2022இல் கமாண்டர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மெரூன் நிறமும் பொன்நிறமும் அப்படியே இருக்கின்றன. சட்டை நிறத்தால் யாருக்கும் காயமில்லை. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் பழைய பெயரைத் திரும்ப வை என்று மிரட்டினார். மாற்றியது மாறியே இருக்கும் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அதே 2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கிளப்பின் சின்னத்தையோ உள்ளூர்ச் சட்டையின் முக்கிய நிறத்தையோ மாற்ற வேண்டுமானால், அதற்கு உள்நாட்டு ரசிகர்களில் பெரும்பான்மையோர் ஆதரவு இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அது. கார்டிஃப் போன்ற ஊர்களின் அழுகைக்குக் கிடைத்த பலன். வரவேற்கிறேன். பணம் போட்டவனுக்கு மட்டுமே இருந்த பேனா, நின்று பார்த்தவன் கைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் இதே சட்டத்தை வாஷிங்டனில் வைத்துப் பாருங்கள். அங்கே பெரும்பான்மை ரசிகர்கள் பழைய பெயர் இருக்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டெடுத்திருந்தால் வசவு அமோகமாக ஜெயித்திருக்கும். யாருடைய முகம் தலைக்கவசத்தில் இருந்ததோ அந்த ஆள் கேலரியில் இல்லை. அவனுக்கு ஓட்டு இல்லை. பெரும்பான்மையின் சம்மதம் முதலாளியைத் தடுக்கும். பெரும்பான்மையையே தடுக்க அதனிடம் ஒன்றுமில்லை.

ஆகவே மரபா மாற்றமா என்று கேட்பதை நாம் விட்டுவிடலாம். அந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலும் முதலாளிக்கே உதவியிருக்கிறது. கார்டிஃபில் மாற்றம் என்றான், வாஷிங்டனில் மரபு என்றான். தன் நெஞ்சில் எதைக் குத்திக்கொள்வது என்று முடிவுபண்ண அந்தச் சட்டையைச் சுமந்த சனங்களுக்கு உரிமை உண்டு. வருசக்கணக்கில் நின்று நனைந்து சம்பாதித்த உரிமை அது, விலைக்குப் போகாது. ஆனால் அந்த உரிமை தன் நெஞ்சோடு நிற்கிறது. அடுத்தவன் முகத்தை எடுத்துச் சின்னமாகக் குத்திக்கொண்டால், அதை வைப்பதா எடுப்பதா என்று சொல்ல வேண்டியவன் அந்த முகத்துக்குச் சொந்தக்காரன். அவன் ஒருத்தனாக இருந்தாலும் சரி, ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்காதவனாக இருந்தாலும் சரி, முதலில் அவனைக் கேட்க வேண்டும்.