அக்கரை எது? — இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து

தமிழிற் கிறிஸ்தவக் காப்பியங்கள் சில உள. அவற்றுள் மீட்பு என்னும் கோட்பாட்டையே கதைப்பொருளாக்கி நடந்தது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1894இல் நூலுருப் பெற்ற இக்காப்பியம் 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களை உடையது. ஆசிரியரைக் ‘கிறிஸ்தவ கம்பர்’ என்று புகழ்ந்த பண்டிதருலகம் அத்துடன் தன் கடமை முடிந்ததாகக் கருதிவிட்டது. யாருக்கு மீட்பு, எதிலிருந்து மீட்பு என்ற வினாக்களை நூலிடம் கேட்டவர் சிலரே. வாவிக்கரையிற் பாடஞ் சொல்லும் ஆசிரியன் ஒருவனுக்கு அவ்வினாக்களைத் தவிர்ப்பது எளிதன்று.

முதலிற் கருத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம்மிடையே ‘முத்தி’, ‘வீடு’ என்று வழங்குவது பிறவித்தளை அறுதலைக் குறிக்கும். இரட்சிப்பு அதனின் வேறானது. மனிதன் பாவத்தாற் கடவுளைப் பிரிந்தான்; தன் முயற்சியால் மீளமாட்டான்; கிறிஸ்து சிலுவையில் உயிரீந்து அவனை மீட்டார்; விசுவசிப்பவன் அந்த அருளைப் பெறுகிறான் என்பது அதன் சாரம். பழைய மொழிபெயர்ப்பு ‘நித்திய ஜீவன்’ என்றதை 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘நிலைவாழ்வு’ என்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது வெறும் ஆன்ம நிலைபேறன்று. இறந்தவர் உடலோடு எழுவர் என்னும் நம்பிக்கை. உடலைக் கழற்றி எறிவது இங்கே விடுதலையாகாது. இக்கட்டுரை பெரிதும் இதன்மேலேயே நிற்கிறது, வாசகர் மனங்கொள்க.

காப்பியத்தின் மூலநூல் ஜோன் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’. பனியன் ஊரூராகச் சென்று ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலைச் செய்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்தார். 1678இல் வெளியான அவருடைய நூல் உழவனும் நெசவாளனும் பேசிய மொழியில் அமைந்தது. அதன் மாயச் சந்தையில் பட்டமும் பதவியும் அரசுகளும் ஆன்மாக்களும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்க மறுத்ததே இரு யாத்திரிகர் செய்த குற்றம், ஒருவன் கொல்லப்படுகிறான். ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் இரு மூல நூல்களுள் ஒன்றாக இதனை ஈ. பி. தொம்சன் 1963இல் எண்ணியது வியப்புக்குரியதன்று. மறுமையைப் பற்றிய நூலொன்று இம்மையின் அதிகாரத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறது.

கிருஷ்ணபிள்ளை இதனை என்ன செய்தார்? ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்தார். பெயர்களிலேயே பாரதமும் இராமாயணமும் ஒலிக்கின்றன. கம்பனின் விருத்தத்தை அவர் கையாளும் திறம் மறுக்கமுடியாதது. கிறிஸ்துவின் பாடுகளை உரைக்கும் பகுதியிற் சொல்லுக்குச் சொல் உருக்கம் இருக்கிறது. மூலத்தில் அதற்கு இணையில்லை. வைணவ வேளாளக் குடியிற் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர், சமயம் மாறினும் தமிழை விட்டு நீங்கவில்லை என்பதை நிறுவ விழைந்தார் போலும். கிறிஸ்தவர் எழுதும் தமிழைப் பாதிரித் தமிழ் என்று பண்டிதர் எள்ளிய காலம் அது. அவர் நோக்கம் எமக்கு விளங்குகிறது. அதன் விலையும் விளங்குகிறது. பாத்திரம் அடைப்பவன் பாமரருக்குச் சொன்ன கதை, பாமரர் நுழைய முடியாத மாளிகையிற் குடியேறிவிட்டது. உரையாசிரியர் துணையின்றி எத்தனை பேர் அங்கே இரட்சிப்பைக் காண இயலும்?

குறை மொழியளவில் நிற்கவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற மறு ஆண்டு, 1859இல், அருகிலிருந்த திருவிதாங்கூரில் ஓர் அரசாணை பிறந்தது. மார்பை மறைக்கும் உரிமை கேட்டுப் பல்லாண்டு அடிபட்ட நாடார் பெண்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடையோடுதான். அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவிய பெண்கள். இரட்சிப்பு என்ற சொல்லை அவர்கள் தம் உடலிலேயே வாசித்தார்கள். உடல் எழும் என்று நம்புகிறவனுக்கு உடலின் மானமும் பசியும் அற்பமாகா. இவ்வாசிப்பின் தடம் எதையும் காப்பியத்தில் நான் காணவில்லை. அங்கே பாவச்சுமை ஒருவனின் முதுகிலிருக்கிறது. அவன் முதுகை மிதித்து நிற்பவர் எவரும் இல்லை.

வேதாகமம் இப்படியா சொல்கிறது? நித்திய ஜீவனை அடைய என்ன செய்யவேண்டும் என்று செல்வன் ஒருவன் இயேசுவிடம் கேட்கிறான். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு அவர் கூறுகிறார். அவன் முகம் வாடிப் போய்விடுகிறான். மத்தேயு சுவிசேஷத்தின் இறுதித் தீர்ப்பிலும் பசித்தவனுக்கு உணவிட்டவனும் சிறையிலிருந்தவனைப் பார்க்கச் சென்றவனுமே அவ்வாழ்வினுட் புகுகிறார்கள். செயலால் மீட்பா, விசுவாசத்தால் மீட்பா என்று சபைகள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வந்திருக்கின்றன. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆயினும் ஏழையை நீக்கிவிட்டு நித்திய ஜீவனைப் பற்றி அந்நூல் பேசவில்லை என்பதை இலக்கிய வாசகன் எவனும் காணலாம்.

பனியனின் கதையில் நகருக்கு முன்னே ஒரு ஆறு ஓடுகிறது, பாலம் இல்லை. இவ்விடத்தை எம் மாணவர் வேறுவிதமாகவே படிப்பார்கள். எமக்கு அக்கரை என்றால் படுவான்கரை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை தோணியையும் பாதையையும் நம்பியே கடந்தோம். அங்கே பொன்னகரம் இல்லை. வயலும், வெள்ளமும், போர் கடந்துபோன குடிசைகளும் உண்டு. எழுவான்கரையிற் கிடைக்கும் வைத்தியமும் கல்வியும் அங்கு வாழ்பவர்க்குக் கிடைப்பது அரிது. 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் ஓராண்டும் நிறையுமுன் இறந்தார். அதற்குள் அவர் செய்தது பள்ளி தொடங்கியதே. மெதடிஸ்த மத்திய கல்லூரி அதன் வழி வந்தது. மிஷன்களுக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் இருந்த உறவை நாம் மறக்கவேண்டியதில்லை. எழுத்தறிவும் இவ்வூரில் இரட்சிப்பின் பெயராலேயே வந்தது என்பதையும் மறக்கவேண்டியதில்லை.

புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்து பயிற்றிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் உடன்வந்த இளைஞரும் வந்து சேரவில்லை. அவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்களைப்போற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு உடலின் உயிர்த்தெழுதல் என்பது இறையியல் நுட்பமன்று. அவர்கள் கேட்பதே அந்த உடலைத்தான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டார்கள். பிள்ளைகள் நித்திய வாழ்வில் இருக்கிறார்கள் என்ற ஆறுதலைப் பெற்றோரிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியவர்கள் இருந்தார்கள். முன்னாள் ஜனாதிபதி உட்பட அவர்கள் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஜனவரியிலேதான். பரலோகத்தைக் காட்டி அந்த வழக்கை மூடச் சொல்லும் பிரசங்கம் மாயச் சந்தையின் சரக்கே.

பனியனின் முதற்பாகத்தில் யாத்திரிகன் மனைவியும் மக்களும் கூவியழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மனைவியே நான்கு பிள்ளைகளோடும் அயற்பெண் ஒருத்தியோடும் புறப்படுகிறாள். ஊன்றுகோலில் நடப்பவன், மனத்தளர்ச்சி கொண்டவன், அவன் மகள் என வழியிலே கூட்டம் பெருகுகிறது. தளர்ந்தவனின் நடைக்கு ஏற்பவே வழிகாட்டி அவர்களை அழைத்துச் செல்கிறான். ஆற்றங்கரையில் ஒருவருக்கு அழைப்பு வரும்போது மற்றவர் துறைவரை சென்று வழியனுப்புகின்றனர். கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் முதற்பாகத்தின் கதையோடு நின்றுவிட்டது.